ஜஞ்சிரா கடல் கோட்டை: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

முரூட் ஜஞ்சிரா பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொன்னதும் நெறைய பேர் கேட்டுருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரி வந்த கேள்விய ஒண்ணா சேத்துட்டேன். எனக்கு ரொம்ப புடிச்ச எடம், அதனால சில பதில் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

கேள்வி: அண்ணா, இது எங்க இருக்கு? ரீல்ஸ்ல எல்லாம் மராட்டா கோட்டைன்னு போடுறாங்களே?

மகாராஷ்டிராவுல ராய்கட் மாவட்டம், மும்பையில இருந்து தெக்க கொங்கண் கரையோரமா போனா முரூட், அதுக்கு பக்கத்துல ராஜபுரின்னு ஒரு மீனவ கிராமம், அந்த ஊரு கரையில நின்னா எதிர்க்க கடலுக்குள்ள தெரியுது பாருங்க, அதான்.

மராட்டா கோட்டை இல்லப்பா, ஆப்பிரிக்காவுல இருந்து வந்த சித்திகள் ஆண்ட கோட்டை. மராட்டாக்கள் பல தலைமுறையா மோதியும் உள்ள போக முடியாத கோட்டை. முதல்ல அங்க இருந்தது கோலி மீனவங்க கொள்ளைக்காரங்க தொல்லை தாங்காம போட்ட மரக்கோட்டை. அகமத்நகர ஆண்ட நிஜாம்ஷாஹி சுல்தான்களோட அதிகாரி பிரம் கான் வியாபாரி மாதிரி கப்பல்ல வந்து, கோலி தலைவர் ராம் பாட்டீலுக்கும் ஆளுங்களுக்கும் சாராயத்த ஊத்தி குடுத்து, ராத்திரியோட ராத்திரியா புடிச்சதா அந்தப் பக்கம் கதை சொல்வாங்க. இப்ப நாம பாக்குற கல்லு மதிலுக்கு அடித்தளம் 1567ல இருந்து 1571க்குள்ள விழுந்தது, அதுக்கப்புறம் வந்தவங்களும் கட்டிக்கிட்டேதான் இருந்தாங்க.

கேள்வி: சார், ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க நம்ம நாட்டுல எப்படி நவாப் ஆனாங்க?

நல்ல கேள்வி, பள்ளிக்கூடத்துல நமக்கு இத யாரும் சொல்லித் தரல. அபிசீனியா, அதாவது இன்னைக்கு எத்தியோப்பியா பக்கம் இருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவுல இருந்தும் அடிமைகளா, வீரர்களா, மாலுமிகளா நூத்துக்கணக்கான வருஷமா தக்காணத்துக்கு ஆளுங்க வந்துக்கிட்டே இருந்தாங்க. ஹப்ஷின்னும் சித்தின்னும் அவங்களுக்கு பேரு. இங்க சுல்தான்கள் படையில தெறமை இருந்தா மேல வரலாம், அப்படி வந்தவர்தான் மாலிக் அம்பர், சின்ன வயசுல அடிமையா விக்கப்பட்டவர், கடைசியில அகமத்நகர் ராஜ்யத்தையே நடத்துனவர், 1626ல சாகுற வரைக்கும் மொகலாயர்கள தக்காணத்துல தண்ணி குடிக்க வெச்சவர். ஜஞ்சிரா சித்திகளும் அதே வழியில வந்தவங்கதான், மொதல்ல அகமத்நகருக்கு, அது போனதும் பிஜாப்பூருக்கு, அப்புறம் மொகலாயருக்குன்னு பேருக்கு ஒரு எஜமான வெச்சுக்கிட்டு தங்க தீவ தாங்களே ஆண்டாங்க.

முக்கியமா ஒண்ணு, பல காலம் அங்க அப்பாவுக்கு அப்புறம் மகன்னு கட்டாயம் இல்ல, கடற்படையில யாரு கெட்டிக்காரரோ அவருதான் தலைவர். இது கோட்டையோட ஆயுசுக்கு ஒரு பெரிய காரணம்னு நான் நெனைக்கிறேன்.

கேள்வி: நான் செஞ்சிக்காரன். எங்க ஊரு கோட்டைய அப்படி ஈஸியா வாங்குன சிவாஜியால இந்த சின்ன தீவ ஏன் புடிக்க முடியல?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

தேதிய பாருங்க. 1676ல ஜஞ்சிரா மேல பெரிய தாக்குதல், தோல்வி. 1677ல செஞ்சி கைக்கு வருது. செஞ்சிக்கு அடுத்து வேலூர், அகழி எல்லாம் இருக்குற பலமான கோட்டை, அத ஒரு வருஷத்துக்கு மேல சுத்தி உக்காந்து 1678ல வாங்குனாங்க. தரைக் கோட்டைன்னா வழி இருக்கு, சோத்த நிறுத்து, ரோட்ட அடை, காத்திரு, உள்ள நோய் வரும், பசி வரும், கதவு தொறக்கும். ஜஞ்சிராவுல எந்த ரோட்ட அடைப்பீங்க? கரை பக்கத்த முழுசா புடிச்சு வெச்சுக்கிட்டாலும் பின்னாடி அரபிக்கடல் தொறந்து கெடக்கு, சூரத்துல இருந்து கப்பல் வந்துக்கிட்டே இருக்கு. கோட்டை ஜெயிச்சது மதிலால மட்டும் இல்ல, கப்பலாலயும் மொகலாயர் பணத்தாலயும்தான், இத நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

ஆனா ஒரு தடவ கைக்கு எட்டுற தூரம் வந்துச்சு. 1670 வாக்குல சிவாஜி நெருக்குன நெருக்குல தலைவர் ஃபத்தே கான் கோட்டைய குடுத்துடலாம்னே முடிவு பண்ணிட்டார். உள்ள இருந்த சம்பல், காசிம், கைரியத் மூணு பேரும் அவர புடிச்சு சிறையில போட்டுட்டு அவுரங்கசீப் பக்கம் சாஞ்சுட்டாங்க. மொகலாய கடற்படை பதவி வந்துச்சு, யாகூத் கான்னு பட்டம் வந்துச்சு, சூரத் வருமானத்துல இருந்து பணம் வந்துச்சு. பதிலுக்கு ஹஜ் கப்பலுக்கும் சூரத் சரக்கு கப்பலுக்கும் காவல் போகணும். அடுத்து 1671 ஹோலி ராத்திரி, எதிர்க்கரை தண்டா ராஜபுரியில மராட்டா வீரர்கள் கொண்டாட்டத்துல இருந்த நேரம் பாத்து கைரியத் தரை வழியா போக்கு காட்ட, காசிம் கடல் பக்கமா ஏணி போட்டு ஏறி அந்த எடத்த திரும்ப புடிச்சுட்டார். அதோட சிவாஜியோட நல்ல வாய்ப்பு போயிடுச்சு.

1676 சம்பவம் இன்னும் மனச அடிக்கும். பேஷ்வா, அதாவது சிவாஜியோட தலைமை மந்திரி, மோரோபந்த் பிங்ளே தலைமையில முற்றுகை, கோலி தலைவர் லாய் பாட்டீல் ராத்திரி இருட்டுல கொஞ்சம் ஆளுங்களோட சின்னப் படகுல போய் மதில்ல ஏணிய சாத்திட்டு பின்னாடி வர வேண்டிய படைக்காக காத்திருந்தாராம், படை வரவே இல்ல, விடிஞ்சா எல்லாரும் செத்தோம்னு ஏணிய கழட்டிக்கிட்டு திரும்பிட்டாங்கன்னு மராட்டி பழைய ஏடுகள் சொல்லுது. அலையில ஆடுற படகுல நின்னு வழுக்குற பாசிக்கல்லுல ஏணி சாத்துறது என்ன வேலைன்னு அந்த எடத்த நேர்ல பாத்தா புரியும்.

கேள்வி: சிவாஜி மகன் சாம்பாஜி கடல்ல ரோடு போட்டாராமே, நெஜமா?

நெஜம்தான். 1682ல கரைக்கும் தீவுக்கும் நடுவுல இருக்குற கடல்ல கல்லும் மண்ணும் கொட்டி தூர்க்க ஆரம்பிச்சாங்க, பெரிய ஆள் கூட்டம் வேல செஞ்சுது. அதே நேரம் மொகலாயப் படை கல்யாண் பக்கம் எறங்கிடுச்சு, அத சமாளிக்க சாம்பாஜி கெளம்ப வேண்டியதாயிடுச்சு, வேல பாதியில நின்னுது.

கேள்வி: "யாராலயும் ஜெயிக்க முடியாத கோட்டை"ன்னு சொல்றது சரியா?

மதிலேறி யாரும் ஜெயிக்கல, அது சரி. ஆனா அத மட்டும் சொல்லி நிறுத்துறது எனக்கு புடிக்காது. 1733ல ஜஞ்சிரா தலைவர் செத்ததும் மகன்களுக்குள்ள சண்டை, அந்த நேரத்துல மராட்டா பேஷ்வா பாஜிராவ் எறங்கி எதிர்க்கரைய வாங்குனார். 1736ல ரேவாஸ் பக்கத்துல நடந்த சண்டையில பாஜிராவோட தம்பி சிமாஜி அப்பா கையில சித்திகளோட தளபதி சித்தி சாத் செத்தார். அதுக்கப்புறம் ஒப்பந்தம் போட்டு கரையில இருந்த நெலத்த மராட்டாக்களோட பங்கு போட வேண்டியதாச்சு, தீவு மட்டும் நின்னுச்சு, பலம் போயிடுச்சு.

அவங்க உச்சத்துல எப்படி இருந்தாங்கன்னு தெரியணும்னா 1689 பாருங்க. கிழக்கிந்திய கம்பெனியோட ஜான் சைல்டு மொகலாயர வம்புக்கு இழுத்தார், யாகூத் கான், அதாவது மேல சொன்ன காசிம், படையோட பாம்பேல எறங்கி மாஸ்காவ், மாஹிம் எல்லாத்தையும் புடிச்சு இங்கிலீஷ்காரங்கள கோட்டைக்குள்ள முடக்கிட்டார். கம்பெனி அவுரங்கசீப் கிட்ட மன்னிப்பு கேட்டு 1.5 லட்சம் ரூபா அபராதம் கட்டுன பெறகுதான் 1690ல கெளம்புனார். பாம்பேவ ஒரு ஆப்பிரிக்க வம்சாவளி தளபதி மண்டியிட வெச்சது எவ்வளவு பெரிய விஷயம், ஆனா மும்பையில பொறந்து வளந்தவங்களுக்கே தெரியாம இருக்கு.

கேள்வி: சுத்தி உப்புத்தண்ணி, குடிக்க என்ன பண்ணாங்க?

உள்ள ரெண்டு பெரிய நல்ல தண்ணி கொளம் இருக்கு, கல்லுல படி வெச்சு கட்டுனது, இப்பவும் தண்ணி நிக்குது. என்ன கேட்டா பீரங்கிய விட இந்தக் கொளம்தான் பெரிய ஆயுதம்.

கேள்வி: பீரங்கி பத்தி சொல்லுங்க. வாசல்ல புலி யானைய புடிச்சிருக்காமே?

கலால் பாங்டி, சாவ்ரி, லண்டா காசம்னு மூணு பீரங்கிக்கு பேரு வெச்சிருக்காங்க. இதுல கலால் பாங்டி ராட்சச சைஸ், 22 டன்னுன்னு கைடுங்க சொல்வாங்க. வெயில்ல நிக்கும், ஆனா மத்த இரும்பு மாதிரி கையே வெக்க முடியாத அளவுக்கு சுடாதுன்னும் சொல்வாங்க, உச்சி வெயில்ல தொட்டு பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.

வாசல் பக்கச் சுவர்ல இருக்குற சிற்பம் அருமையானது. புலி மாதிரி ஒரு மிருகம், காலுக்கு அடியில, வாயில, வால்லன்னு குட்டி குட்டி யானைங்கள புடிச்சு வெச்சிருக்கும். எதிரி எத்தன பேர் வந்தாலும் எங்களுக்கு இவ்வளவுதான்னு சொல்ற மாதிரி. அந்த வாசலே படகு கிட்ட போற வரைக்கும் கண்ணுக்கு படாது, ரெண்டு உருண்ட கொத்தளத்துக்கு நடுவுல மறைச்சு கட்டியிருக்காங்க. பின்பக்கம் கடல பாத்து தரியா தர்வாசான்னு ஒரு சின்ன வாசல், தப்பிச்சு போறதுக்கு.

கேள்வி: நான் சிவில் இன்ஜினியர். இத்தன வருஷம் அலை அடிச்சும் எப்படி நிக்குது?

அதுக்கு நீங்க ஜஞ்சிராவோட நிறுத்தாம பத்மதுர்க்கும் போகணும், சிவாஜி ஜஞ்சிராவுக்கு போட்டியா பக்கத்து தீவுல கட்டுன கோட்டை. அங்க மதில கிட்ட போய் பாருங்க, அலை அடிச்சு அடிச்சு கல்லு உள்ள குழிஞ்சு போயிருக்கு, ஆனா கல்லுக்கு நடுவுல பூசுன சுண்ணாம்புச் சாந்து அப்படியே வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, தேன்கூடு மாதிரி. கல்லு கரைஞ்சு சாந்து நிக்குதுன்னா அந்தக் கொத்தனார்கள நெனச்சு பாருங்க. ஜஞ்சிராவுல கொத்தளம் எல்லாம் உருண்டையா இருக்குறதால அலையும் சரி குண்டும் சரி நேரா மோதாம வழுக்கிட்டு போகும்.

கேள்வி: அப்புறம் ஏன் பாழாச்சு? குண்டு போட்டாங்களா?

இல்லங்க, ஆளு போனதால. நவாப் குடும்பம் 1880கள்லயே முரூட் கரையில புது அரண்மனை கட்டி அந்தப் பக்கம் போயிடுச்சு. 1948ல ஜஞ்சிரா சமஸ்தானம் இந்தியாவோட சேந்துச்சு, உள்ள குடியிருந்தவங்களும் வேல, படிப்பு, ஆஸ்பத்திரின்னு கரைக்கு வந்துட்டாங்க. கூரை போச்சு, மழை எறங்குச்சு, ஆலும் அரசும் சுவர பொளந்துச்சு. சித்தி தலைவர் சிருல் கான் மாளிகைன்னு சொல்ற அடுக்கு வீடு இப்ப வெறும் சுவரும் ஜன்னல் ஓட்டையுமா நிக்குது. எதிரியால முடியாதத வேர் செஞ்சிருக்கு, செடிய வெட்டி சுவர முட்டு குடுத்து நிறுத்துற வேலை இன்னும் நெறைய நடக்கணும்னு எனக்கு ஆதங்கம்.

கேள்வி: யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கா?

இல்ல. 2025ல சேத்தது மராட்டா ராணுவக் கோட்டைங்க 12, அதுல உங்க செஞ்சி இருக்கு, கடல் கோட்டையில சிந்துதுர்க், சுவர்ணதுர்க், கந்தேரி எல்லாம் இருக்கு. ஜஞ்சிரா எதிர்த்தரப்பு கோட்டை, அந்த லிஸ்ட்ல வராது.

கேள்வி: அம்மாவ கூட்டிட்டு போகலாமா? அவங்களுக்கு முட்டி வலி.

அக்கா, ராஜபுரியில இருந்து பாய்மரப் படகு. சிரமம் எங்கன்னா, கோட்டை வாசல்ல படகு ஆடிக்கிட்டே இருக்கும்போது படியில கால் வெச்சு எறங்கணும், படகுக்காரங்க கைய புடிச்சு தூக்கி விடுவாங்க, ஆனாலும் முட்டி வலி இருந்தா கஷ்டம்தான். மழைக்காலத்துல படகே ஓடாது, டிசம்பர் ஜனவரி நல்லது, ஓதம், அதாவது கடல் ஏத்த எறக்கம், பாத்து கெளம்புங்க. உள்ள நெழல் கம்மி, தண்ணி பாட்டில் எடுத்துட்டு போங்க. அம்மாவால எறங்க முடியலன்னா ராஜபுரி பக்கத்துல கோக்ரி கிராமத்துல சிருல் கான், கைரியத், யாகூத் கான் மூணு பேரோட கல்லறை மண்டபம் இருக்கு, வண்டி கிட்ட வரைக்கும் போகும், கூட்டமே இருக்காது, அங்க அவங்கள உக்கார வெச்சுட்டு மேல சொன்ன கதைய சொல்லுங்க.