பூட்டிக் கிடந்த குழாய்கள்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தின் ஒரு பகுதி மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. குழாய்களைத் திறக்குமுன், தண்ணீரில் வளரும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

பதில்: கட்டாயம். கட்டடங்களின் தண்ணீர் அமைப்பைப் பராமரிப்பது என் தொழில். நான் முதலில் தேடுவதே தேங்கிய குழாய்களைத்தான். 25 முதல் 45 டிகிரி வெதுவெதுப்பில் இந்தக் கிருமி செழிக்கும். ஷவரிலிருந்து கிளம்பும் நுண்திவலைகளைச் சுவாசித்தால் நிமோனியா வரலாம். 1976இல் பிலடெல்பியா ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலர் இந்தக் கிருமியால்தான் இறந்தார்கள். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, தெறிக்காமல் தண்ணீரை நன்றாக ஓடவிடுங்கள். வெந்நீர்த் தொட்டி 60 டிகிரியில் இருக்கட்டும். கை சுடாமலிருக்க, வெந்நீரோடு குளிர்நீரைக் கலந்து தரும் கலப்பு வால்வு வேண்டும். அப்புறம், 2015இல் இந்த நோய் பரவியதும் நியூயார்க் நகரம், பெரிய கட்டடங்களின் ஏசி வெப்பத்தைத் தண்ணீரால் வெளியேற்றும் குளிர்விப்புக் கோபுரங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. சட்டம் வரும்வரை காத்திராமல், உங்கள் நிர்வாகக் குழுவிடம் தண்ணீரின் வெப்பநிலைப் பதிவேடு ஒன்றைக் கேளுங்கள்.