டொமைன் பெயர் காணி அல்ல, குத்தகை

கேள்வி: மருதமுனையில் மூன்று தறி வைத்துக் கைத்தறிச் சாரி, சாறன் நெய்து விற்கிறேன். சேமிப்பு 250,000 ரூபாய் இருக்கிறது. அறுகம்பே, பாசிக்குடா, மட்டக்களப்பு என்ற ஊர்ப் பெயர்களோடு ஹோட்டல், டூர்ஸ் என்று சேர்த்து 40 டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிகளை, வாங்கிப் போட்டால், காணி வாங்கிப் போட்ட மாதிரி, பிறகு நல்ல விலைக்குப் போகும் என்கிறார் மச்சான். வாங்கலாமா? இல்லை, வியாபாரத்துக்கே ஒன்லைன் விளம்பரம் செய்யலாமா?

பதில்: நாற்பது வேண்டாம். கடைக்கு ஒரு பெயர் கட்டாயம் வாங்குங்கள். விற்கும் எண்ணத்தோடு வாங்குவதென்றால் மூன்று, நான்கோடு நில்லுங்கள்.

காணி என்று சொன்னதில்தான் பிழை. காணியை ஒருமுறை வாங்கினால் உறுதி உங்கள் கையில். டொமைன் பெயரோ குத்தகை வயல். காசு கட்டிய காலம் வரைக்கும்தான் உங்களுடையது. ஒரே தடவையில் ஆகக்கூடியது 10 வருடத்துக்குப் பதியலாம், அதற்கு மேல் இல்லை. டொட் கொம் பெயர் ஒன்றுக்கு வருடம் 12 டொலர், டொலர் 300 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு 3,600, நாற்பதுக்கு 144,000 ரூபாய். இரண்டாம் வருடப் புதுப்பிப்போடு 288,000. அதாவது ஒரு பெயரும் விற்காமலே உங்கள் சேமிப்பு முழுக்கத் தீர்ந்து, மேலும் 38,000 கடன்.

விற்றால்? இதையே தொழிலாகச் செய்பவர்கள் வருடத்தில் நூறு பெயருக்கு ஒன்றிரண்டு போகும் என்றே கணக்கு வைப்பார்கள். நாற்பதில் ஒன்று போனது என்றே வையுங்கள். விற்பனைத் தளம் 20 வீதம் கழிவு எடுத்தால், அந்த வருடச் செலவை மட்டும் ஈடுகட்ட அந்தப் பெயர் 600 டொலருக்குப் போக வேண்டும். மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் பெயருக்கு இன்றைக்கு 600 டொலர் கொடுக்கக்கூடிய மூன்று பேரைச் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

ஊர்ப் பெயரோடு பொதுச்சொல் சேர்ப்பதில் பெரிதாகச் சிக்கல் வராது. பாசிக்குடாவில் ஏற்கெனவே நடக்கும் ஒரு ஹோட்டலின் பெயரைத் தொடாதீர்கள். டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்க 1999 முதல் யுடிஆர்பி என்ற நடைமுறை இருக்கிறது. பெயர் தங்கள் வணிகச் சின்னத்தோடு குழப்பம் தருகிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து வைத்திருக்கிறீர்கள் என்று மூன்றையும் ஹோட்டல்காரர்கள் காட்டினால் பெயர் அவர்களுக்கே போய்விடும். உங்களுக்கு ஒரு சதமும் கிடைக்காது.

முதல் வருடம் இரண்டு டொலர் என்று விற்கும் புதுப் பின்னொட்டுகளில் (டொட் கொம் போலப் பெயரின் கடைசியில் வருபவை) இரண்டாம் வருட விலையைப் பார்க்காமல் கார்ட் எண்ணைக் கொடுக்க வேண்டாம். அது பல மடங்காக இருக்கும். இன்னொருவர் கைவிட்ட பழைய பெயர் என்றால், இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அதில் முன்பு என்ன இருந்தது என்று பாருங்கள். சூதாட்டப் பக்கமாக இருந்த பெயரில் சாரி விற்க முடியாது. "நல்ல விலை தருகிறேன், முதலில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள்" என்று எழுதுபவர் வாங்க வந்தவர் அல்ல. அந்தச் சான்றிதழ் காசுக்காகவே வந்தவர்.

இனி உங்கள் கடைப் பெயர். மருதமுனை என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நடுவில் வரும் 'த'வுக்கு ஒருவர் இரண்டு எழுத்துப் போடுவார், மற்றவர் ஒன்றோடு விடுவார். ஆகவே பெயரைத் தொலைபேசியில் ஒரு தடவை மட்டும் சொல்லி, கல்முனையில் ஒருவரையும் கொழும்பில் ஒருவரையும் எழுதச் சொல்லுங்கள். இருவரும் சரியாக எழுதினால் வாங்குங்கள். இல்லையென்றால் இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கி ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள். இலக்கமும் இடைக்கோடும் வேண்டாம்.

பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே கடைகள் பெயரை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்: இணையதளம் செய்து தந்த தம்பி தன் கணக்கிலேயே பதிந்துவிட்டு கத்தாருக்குப் போய்விடுவார், புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருக்குத்தான் போகும். நீங்கள் பெயரைப் பதியும் கணக்குக்கு ஜிமெயில் போன்ற வேறு முகவரியைக் கொடுங்கள். கடை டொமைனிலேயே உள்ள மின்னஞ்சலைக் கொடுத்தால், பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், மீட்கும் வழி அடைபடும். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டு, கார்ட் மாறினால் அங்கேயும் மாற்றுங்கள். டொட் கொம் பெயரைப் புதுப்பிக்கத் தவறிப்போனால், பதிவாளர், அதாவது பெயரை உங்களுக்கு விற்ற நிறுவனம், சில நாள் சலுகை தரலாம். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், கட்டணம் பல மடங்கு. பிறகு 5 நாளில் பெயர் எவருக்கும் திறந்துவிடும்.

விளம்பரத்தில் முதல் வேலை காசில்லாத வேலை. கூகுள் பிசினஸ் புரொபைலில் கடையைப் பதியுங்கள். பெயர், தொலைபேசி, திறக்கும் நேரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். வாங்கியவர்களிடம் மதிப்புரை கேளுங்கள், காசுக்கு வாங்காதீர்கள். வட்ஸ்அப் பிசினஸ் கெட்டலொக்கில் ஒவ்வொரு சாரிக்கும் மூன்று படம்: முழுச் சாரி, முந்தானை, கரையை விரலில் பிடித்துக் கிட்டத்தில் ஒன்று. காலை வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல். பிளாஷ் பட்டால் மெரூன் சிவப்பாகத் தெரியும், சாரி திரும்பி வரும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் இலக்கத்தைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் பொதி கட்டும்போது இலக்கத்தைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

பிறகுதான் பேஸ்புக் விளம்பரம். ஒரே சாரி, ஒரே படம், நாளுக்கு 600 ரூபாய், 10 நாள். இடையில் கைவைக்க வேண்டாம். விலையைப் படத்திலேயே எழுதுங்கள், எழுதாவிட்டால் "விலை என்ன?" என்று நூறு பேர் கேட்பார்கள், அந்தக் கேள்விக்கெல்லாம் காசு கட்டுவது நீங்கள்தான். 6,000 ரூபாய்க்கு 4 ஓர்டர் வந்தால் ஓர் ஓர்டருக்கு 1,500 ரூபாய். சாரியில் உங்களுக்கு மிஞ்சுவது 1,200 என்றால் அந்த விளம்பரம் நட்டம், எத்தனை லைக் விழுந்தாலும் சரி. அப்போது படத்தை மட்டும் மாற்றி மறுபடி பாருங்கள். படத்தையும் விலையையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

காசைப் பிரிப்பதென்றால்: கடைப் பெயருக்கு மூன்று வருடத்துக்கு 11,000, விற்கும் ஆசையில் வாங்கும் பெயர்களுக்கு, புதுப்பிப்பு உட்பட, 25,000க்கு மேல் இல்லை, நூலுக்கும் விளம்பரத்துக்கும் 64,000. மீதி 150,000ஐ வங்கியில் மூன்று நிலையான வைப்பாக, வெவ்வேறு மாதத்தில் முதிரும்படி போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற இரண்டின் வட்டி கெடாது. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் விளம்பரத்தை ஆறு வாரம் முந்தித் தொடங்குங்கள். மூன்று தறியில் நெய்து முடிக்கக்கூடிய எண்ணிக்கைக்கு ஓர்டர் சேர்ந்த அன்றே நிறுத்திவிடுங்கள்.