பதினெட்டு முடிந்ததும் இல்லம் மாறும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி–பதில்

மகனுக்கு 17 வயது, எடை 24 கிலோ. மூளை முடக்குவாதம், வலிப்பு இரண்டும் உண்டு. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் சாப்பாடு. 18 முடிந்ததும் வயது வந்தவர்களுக்கான பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? — திண்டுக்கல் வாசகி

இன்றைக்கே தொடங்குங்கள் அம்மா, ஒரு வருடம் சரியாக இருக்கும். இல்லம் தேடுவதற்கு முன், இப்போது பார்க்கும் குழந்தைகள் மருத்துவரிடம் ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதி வாங்குங்கள்.

முதல் வரி எடை. இனி அவசரம் என்றால் பெரியவர்கள் வார்டில்தான் சேர்ப்பார்கள். அங்கே வயதைப் பார்த்து மருந்து எழுதும் ஆபத்து உண்டு. பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் இவனுக்கு ஒரு வேளைக்கு 360 மில்லிகிராம் போதும். பெரியவர்களுக்குத் தரும் 1 கிராம் போனால் ஏறக்குறைய மூன்று மடங்கு.

அடுத்து வலிப்பு மருந்து. பெயர், எத்தனை மில்லியில் எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்பதோடு, சிரப்பா மாத்திரையா என்பதும் இருக்க வேண்டும். சிரப் கிடைக்காத நாளில் இல்லத்தில் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடுவார்கள். மெதுவாகக் கரையும் வால்ப்ரோயேட் மாத்திரையைப் பொடித்தால், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அடுத்த வேளைக்கு முன்பே மருந்து தீர்ந்து வலிப்பு வரும், குழாயும் அடைக்கும். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் அதை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே எத்தனை முறை அடிப்பது என்பதும் எழுத்தில் வேண்டும்.

குழாயின் அளவு (14 பிரெஞ்ச் என்பது போல, பிரெஞ்ச் என்பது குழாயின் தடிமனுக்கான அளவு), அது கழலாமல் வயிற்றுக்குள் பிடித்திருக்கும் பலூனில் எத்தனை மில்லி தண்ணீர், கடைசியாக மாற்றிய தேதி மூன்றையும் குறியுங்கள். குழாய் கழன்றால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். அதே அளவில் உபரிக் குழாய் இல்லத்தில் இருக்கட்டும். துளை நன்றாக ஆறியிருந்தால், பயிற்சி பெற்றவர் அதைச் செருகித் துளை மூடிவிடாமல் பார்த்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குழாய் வயிற்றுக்குள்தான் இருக்கிறது என்று உறுதியாகும்வரை சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது.

காகிதத்தில் அடங்காததை போனில் வீடியோ எடுங்கள். அவனுடைய வலிப்பு எப்படி இருக்கும், வலித்தால் என்ன செய்வான், எப்படிச் சாய்த்து உட்கார வைத்தால் மூச்சு சீராகிறது என்பதெல்லாம் அதில் வரட்டும். பேச்சில்லாத பிள்ளை வலியில் அழாமல் வெறுமனே வியர்த்துக் கிடக்கலாம். அது உங்களுக்குத் தெரியும், புது ஆயாவுக்குத் தெரியாது.

இல்லத்தைப் பகலில் பார்த்தால் பாதிதான் தெரியும், இரவு பத்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். எத்தனை பேருக்கு ஓர் ஆள், அவருக்குச் சளி உறிஞ்சத் தெரியுமா, கரண்ட் போனால் அந்த மெஷின் எதில் ஓடும் என்று கேளுங்கள். காலால் மிதிக்கும் உறிஞ்சி ஒன்று கையிருப்பில் இருந்தால் நல்ல இல்லம்தான். முதலில் ஒரு பகல், பிறகு இரண்டு இரவு, பிறகு ஒரு வாரம் என்று பழக்குங்கள். இல்லம், டாக்டர், மருந்து மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றாதீர்கள். ஒன்று தவறினால் எதனால் என்றே கண்டுபிடிக்க முடியாது.

18க்குப் பிறகு அவனுக்காக நான் கையெழுத்துப் போட முடியாதா? — அதே வாசகி

பெற்ற தாய் என்பது மட்டும் சட்டப்படி போதாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் முடிவு செய்யும். விவரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் அவன் பெயரில் உள்ள சொத்துப் பட்டியலைத் தர வேண்டும், பலர் தவறவிடுவது இதைத்தான். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு (ரூ.1 லட்சம் வரை) எடுத்திருந்தால் புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள்.

மகனுக்கு டுஷென் தசைச்சிதைவு (தசைகள் படிப்படியாகப் பலமிழக்கும் மரபணு நோய்). நன்றாகப் படிக்கிறான். அவனுக்கும் பாதுகாவலர் வேண்டுமா? — சேலம் வாசகர்

வேண்டாம். அவன் கையெழுத்து அவனுடையது, கை ஓடாவிட்டால் ரேகை வைக்கலாம். டாக்டரிடம் இப்போதிருந்தே அவனையே பேசவிடுங்கள். புது இல்லத்தில் இரண்டு விஷயத்தை எழுதிக் கொடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. மூச்சுத் திணறினால் வெறும் ஆக்சிஜனை மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது, உடம்பில் கரியமில வாயு தேங்கி மயக்கமாகிவிடுவான். பைபேப் மெஷினை (முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவுவது) மாட்டி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், மெஷினும் கூடவே போக வேண்டும்.