205.33 என்றால் எத்தனை அடித் தண்ணீர்?

வாசகர் கேள்விகளுக்கு டெல்லியில் வாழும் ஓய்வுபெற்ற வயர்லெஸ் ஆபரேட்டரின் பதில்கள்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் குடும்பம் யமுனைக் கரையில், சில்லா காதரில் குடிசை போட்டுக் காய்கறி பயிரிடுகிறது. 2023 ஜூலையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாலைக்கு ஓடிவந்தார்கள். "யமுனை 205.33 மீட்டரைத் தாண்டியது" என்று தொலைக்காட்சியில் நாள் முழுவதும் சொன்னார்கள். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆறு அவ்வளவு ஆழமா? இன்னொரு முறை வந்தால் அவரிடம் நான் என்ன சொல்வது?
ஒரு வாசகி, மயூர் விஹார் பகுதி 1

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரிக்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். இருபத்தெட்டு ஆண்டுகள் ஆற்றின் எண்களைக் காதில் வாங்கி எழுதியவன் நான். அந்த எண் குடிசைக்குள் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

205.33 என்பது ஆழக் கணக்கு இல்லை. கடல் மட்டத்திலிருந்து நீர்ப்பரப்பு எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அது. அளக்கும் இடம் பழைய ரயில் பாலம். டெல்லிக்காரர்களுக்கு லோஹே கா புல். அங்கே 204.50 எச்சரிக்கை, 205.33 அபாயம், 206 வந்தால் கரையோர மக்களை வெளியேற்ற வேண்டும். 1978 வெள்ளத்தின் 207.49 தான் நெடுங்காலம் உச்சமாக இருந்தது. 2023 ஜூலை 13 அன்று 208.66.

அந்தத் தண்ணீர் திடீரென்று வரவில்லை. ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் அப்பால், ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் ஜூலை 11 அன்று விநாடிக்கு ஏறத்தாழ 3.59 லட்சம் கன அடி கடந்தது. டெல்லியில் உச்சம் தொட்டது 13-ஆம் தேதி மாலை. நடுவில் இரண்டு நாட்களுக்கு மேல் இருந்தன. அந்த அவகாசத்தை மக்கள் கையில் கொடுப்பதற்காகத்தான் வயர்லெஸ் வந்தது. நம் நாட்டில் முறையான வெள்ள முன்னறிவிப்பு தொடங்கியதே 1958-இல், டெல்லியில், இதே யமுனைக்காகத்தான்.

என் காலத்தில் மழை இரவில் ஒருவர் டார்ச்சும் குடையுமாகப் படித்துறையில் இறங்குவார். கரையில் நட்ட எனாமல் அளவுகோலில் அலை ஏறும் கோட்டையும் இறங்கும் கோட்டையும் பார்த்து நடுவைக் குறிப்பார். மேலேறி வந்து, ஈரக் கையோடு மைக்கைப் பிடித்து ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வார். இரைச்சலில் 'ஃபைவ்'வும் 'நைன்'னும் ஒன்றுபோலவே கேட்கும். ஓர் ஆகஸ்ட் இரவில் புள்ளிக்கு அடுத்திருந்த 9-ஐ நான் 5 என்று எழுதினேன். பதிவேட்டில் ஆறு நாற்பது சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. திருப்பிச் சொல்லிக் காட்டியபோது அந்த மனிதர் பதறிக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு, திருப்பிச் சொல்லாமல் எந்த எண்ணையும் நான் எழுதியதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 205.33 என்று அவரிடம் சொல்லாதீர்கள். சில்லா காதர் பாலத்துக்குக் கீழே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாலத்து அளவு அங்கே அப்படியே பொருந்தாது. ஒரு ஞாயிறு அவர் வயலுக்குப் போங்கள். 2023-இல் தண்ணீர் முதலில் பாத்தியில் நின்றது எப்போது, பம்ப்செட் மேடையைத் தொட்டது எப்போது, குடிசை வாசலுக்கு வந்தது எப்போது என்று நாளும் வேளையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வேளைகளில் பாலத்து அளவு என்ன என்பதை அன்றைய செய்தித்தாள்களில் தேடிப் பக்கத்தில் எழுதுங்கள். மூன்று எண்கள் கிடைத்தாலே போதும். மழைக்காலத்தில் மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்பு இணையத்தில் எவரும் பார்க்கும்படி வருகிறது. அதைப் பார்த்து, "நாளைக் காலைக்குள் தண்ணீர் பம்ப்செட்டுக்கு வரும், இன்று மாலையே எருமையை ஓட்டிக்கொண்டு வாருங்கள்" என்று தொலைபேசியில் சொல்லுங்கள். அதுதான் அவருக்குப் புரியும் எச்சரிக்கை.

கேள்வி: பாலத்தடியில் ரேடார் பொருத்தும் காலத்தில் அளவுகோல் பார்க்க ஆள் வேண்டுமா?
பொறியியல் மாணவர், துவாரகா

பதில்: வேண்டும், தம்பி. ரேடார் அருமையான கருவி; நான் வரவேற்கிறேன். மேலிருந்து அலையை அனுப்பி, நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. தண்ணீரைத் தொடாததால் வெள்ளம் அதை அடித்துச் செல்வதில்லை. அளவு இன்சாட் செயற்கைக்கோள் வழியாகப் போனால், கைப்பேசிக் கோபுரம் மின்சாரம் இழந்து விழிக்கும் இரவிலும் போய்ச் சேரும். ஆனால் ஆகாயத்தாமரை ஒரு குவியலாக வந்து பாலத்தூணில் ஒதுங்கினால், ரேடார் அதன் முதுகைத்தான் அளக்கும். சில இடங்களில் ரேடாருக்குப் பதில் ஒலி அலையை அனுப்பித் தூரம் அளக்கும் கருவி இருக்கும்; அதன் வாயில் சிலந்தி வலை பின்னிவிட்டால் எண் அசையாமல் நிற்கும். திரையில் பார்ப்பவருக்கு ஆறு அமைதியாக இருப்பதுபோலத் தெரியும். சோலார் தகட்டையும் பேட்டரியையும் திருடிப் போவதும் உண்டு. வாரம் ஒருமுறையாவது ஒருவர் இறங்கி அளவுகோலைப் படித்துக் கருவியோடு ஒப்பிட வேண்டும். வெள்ளத்தின்போது ஒவ்வொரு மணி நேரமும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் தண்ணீர் விடியற்காலையில் வருகிறது. தரைத்தொட்டியின் அளவை வயர்லெஸ் மூலம் அறிய முடியுமா?
சங்கச் செயலாளர், ரோகிணி

பதில்: தாராளமாக. குறைந்த மின்சாரத்தில் சிறு தகவலைத் தொலைவுக்கு அனுப்பும் லோரா என்ற வயர்லெஸ் முறைக்கு நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். சிறிய பேட்டரியே நெடுநாள் தாங்கும். ஆன்டெனாவைத் தொட்டிக்குள் வைக்காதீர்கள், இரும்பு மூடி அலையை அடைத்துவிடும். தொட்டிக்குள் ஆவி படிவதால் ஒலி அலைக் கருவியைவிட அழுத்தத்தை அளக்கும் கருவி மேல். ஒரு மணி நேரமாகச் செய்தி வராவிட்டாலும் மணி அடிக்கும்படி அமையுங்கள். அந்த மணியைக் காவலாளி உட்காரும் இடத்தில் மாட்டுங்கள். உங்கள் கைப்பேசிக்கு மட்டும் தகவல் வந்தால், நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளில் தொட்டி காலியானது யாருக்கும் தெரியாது.