ஒன்லைனில் மெத்தை: விலையோடு நிறையையும் கேளுங்கள்

காலபோக அறுவடை முடிந்து நெற்காசு கைக்கு வரும் மாதங்களில்தான் வன்னியில் கட்டிலும் மெத்தையும் அதிகம் வாங்கப்படுகின்றன என்பது, பரந்தனில் பல வருடங்கள் ஃபோம் வெட்டி உறை தைத்துக் கொடுத்தவன் என்ற வகையில் நான் கண்டது. முன்பு கடைக்கு வந்து கையால் அழுத்திப் பார்த்து வாங்கியவர்கள் இப்போது கைபேசியில் படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை: 72 அங்குல நீளம், 60 அங்குல அகலம், 6 அங்குலத் தடிப்பு என ஒரே அளவுள்ள மூன்று மெத்தைகளை 28,000, 47,000, 96,000 ரூபா என்று மூன்று விலைகளில் காட்டுகிறார்கள். படத்தில் மூன்றும் ஒன்றாகவே தெரிகின்றன. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

வித்தியாசம் உறைக்குள்ளே இருக்கிறது. அதைப் படம் காட்டாது. பொலியூரத்தேன் ஃபோம் என்பது, இரசாயனத் திரவங்கள் கலக்கும்போது உண்டாகும் காபனீரொட்சைட்டு வாயுவால் பாண் மா போலப் பொங்கி இறுகிய பொருள். அதன் பெரும்பகுதி காற்று. அதிகம் பொங்கவிட்டால் அதே அளவு இரசாயனத்தில் பெரிய கட்டி கிடைக்கும், விலை குறையும், ஆனால் சுவர்கள் மெலிந்த அந்தக் கட்டி தினமும் ஆள் படுக்கும் இடத்தில் விரைவில் பள்ளம் விழும். எவ்வளவு பொங்கியது என்பதைக் காட்டுவதுதான் அடர்த்தி; அதிகம் பொங்கினால் அது குறையும். ஒரு கன மீற்றர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அந்த எண். 16, 18 என்பவை சாய்மனைக்கும் பொதி கட்டுவதற்கும் போதும். 24 என்பது எப்போதாவது வரும் விருந்தாளிக்குச் சரி. வளர்ந்தவர் ஒருவர் தினமும் படுப்பதற்கு 28க்குக் குறைந்ததை நான் யாருக்கும் வெட்டிக் கொடுத்ததில்லை. 80 கிலோவுக்கு மேல் நிறையுள்ளவருக்கு 32 முதல் 40 வரை வேண்டும்.

விற்பவர் எண்ணைச் சொன்னால் அதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். மூன்று அளவுகளையும் அங்குலத்தில் பெருக்கி 61,024ஆல் வகுத்தால் கன மீற்றர் வரும். உங்கள் அளவுக்கு 25,920ஐ வகுக்க 0.425 வருகிறது. அடர்த்தி 30 என்றால் ஃபோம் மட்டும் பதின்மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 16 என்றால் ஏழு கிலோவைத் தொடாது. சென்ற வருடம் என் மகனுக்கு 72க்கு 36, ஐந்து அங்குலத்தில் ஒரு மெத்தையை நானும் ஒன்லைனில்தான் எடுத்தேன். விளம்பரத்தில் அடர்த்தி 28 என்று இருந்தது. பக்கத்து ஆலையில் நெல்மூடை நிறுக்கும் தராசில் தூக்கிப் போட்டபோது 4 கிலோ 600 கிராம் காட்டியது. உறையைக் கழற்றி நிறுத்தபோது 3 கிலோ 800 கிராம். கிட்டத்தட்ட ஆறு கிலோ இருந்திருக்க வேண்டியது. கணக்குப் பார்த்தால் அடர்த்தி 18கூட வரவில்லை. தராசின் படத்தை விற்றவருக்கு அனுப்பிய பின் பாதிக் காசு திரும்பி வந்தது. மீதிக்கு இன்னும் பதில் இல்லை.

உங்கள் மூன்று விலைகளில் 28,000க்கும் 47,000க்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் ஃபோமின் நிறையிலேயே இருக்கும். அதற்கு மேல் 96,000 வரை ஏறுவதில் உடற்சூட்டில் இளகும் மெமறி ஃபோம் அல்லது இறப்பர்ப் பாலில் செய்த லேற்றக்ஸ் அடுக்கு ஒரு பங்கு, பின்னல் துணி உறை ஒரு பங்கு, மீதி விளம்பரமும் பெயரும். மூவரிடமும் ஒவ்வோர் அடுக்கின் தடிப்பையும் அடர்த்தியையும் எழுத்தில் கேளுங்கள். எண் சரியாக வந்தால் நடுவிலுள்ளதையே நான் எடுப்பேன்.

மாங்குளம் வாசகர்: "ஹை டென்சிட்டி" (அதிக அடர்த்தி) என்று எழுதியிருக்கிறது, எண் இல்லை. கையால் அழுத்த நல்ல கெட்டியாக இருப்பதாக விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

எண் இல்லாத "ஹை டென்சிட்டி" வெறும் அலங்காரச் சொல். கெட்டித்தன்மையும் அடர்த்தியும் இரண்டு வேறு குணங்கள் என்பதை விற்பவர்களில் பலரே அறியமாட்டார்கள். கெட்டித்தன்மையை அளப்பதற்கு ஒரு வட்டத் தகட்டால் ஃபோமை அதன் தடிப்பில் கால்வாசி அளவுக்கு அமுக்கி, அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று பார்ப்பார்கள். இரசாயனக் கலவையை மாற்றினால் பாரமில்லாத ஃபோமையும் கெட்டியாக்க முடியும்; ஆனால் அந்தக் கெட்டி நீண்ட காலம் நிற்காது.

நிறையிலும் ஒரு சூது உண்டு. மலிவான ஃபோமில் சுண்ணக்கல் தூளைக் கலந்து பாரத்தைக் கூட்டுவார்கள். உறையின் சிப்பைத் திறந்து ஒரு மூலையை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். வெண்தூள் ஒட்டினாலோ, கிள்ளிய இடம் பொருபொருவென்று உதிர்ந்தாலோ அது தூள் கலந்தது. நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். மஞ்சளும் இளஞ்சிவப்பும் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் வசதிக்குப் போடும் சாயங்களே.

அளம்பில் வாசகி: மெமறி ஃபோம் எங்கள் வெக்கைக்கு ஒத்துவருமா? "கூலிங் ஜெல்" என்றும் போட்டிருக்கிறார்கள்.

மெமறி ஃபோம், 1966இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்துக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்கவென்று உருவாக்கப்பட்டது. உடற்சூட்டில் இளகி உடலின் வடிவத்தை ஏற்பதே அதன் குணம். உடல் அமிழ்ந்து கிடப்பதால் காற்றுப் புகும் வழி அடைபடுகிறது, சூடு தங்குகிறது. குளிர் நாட்டில் இது சுகம். சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ், மின்சாரம் நின்று மின்விசிறியும் ஓடாத இரவில் இது சுகமாக இராது. ஜெல் தொட்ட உடனே குளிர்ச்சியாகத் தோன்றும். உடலின் சூட்டை வாங்கிக்கொண்ட பின் அதுவும் சூடாகிவிடும். விரும்பினால் மேலே ஒன்றரை, இரண்டு அங்குலம் மட்டும் மெமறி ஃபோமும், கீழே நல்ல அடர்த்தியுள்ள சாதாரண ஃபோமும் இருக்கும் மெத்தையைத் தேடுங்கள். முழுவதும் மெமறி ஃபோம் என்றும் விலை மிக மலிவு என்றும் ஒருவர் சொன்னால், இரண்டில் ஒன்று உண்மையாக இராது.

மல்லாவி வாசகர்: 10 அங்குல மெத்தையின் விலை, வேறொருவரின் 6 அங்குல மெத்தையின் விலையை விடக் குறைவு. எதை எடுப்பது?

ஆறு அங்குலத்தை எடுங்கள், அடர்த்தி 30க்கு மேல் என்றால். மலிவான 10 அங்குலத்தில் அடியில் எட்டு அங்குலம் பாரமற்ற ஃபோமும் மேலே ஒரு மெல்லிய நல்ல அடுக்கும் இருப்பதே வழக்கம். உங்கள் இடுப்பின் பாரம் அடியிலுள்ளதில்தான் இறங்கும். உயரமான மெத்தைக்குக் கட்டில் விரிப்பு வாங்குவதும் தனிச் செலவு.

துணுக்காயிலிருந்து: அப்பாவுக்கு நாட்பட்ட முதுகுவலி. "ஒர்தோபீடிக்" மெத்தை கல்லுப்போல இருக்க வேண்டும் என்கிறார்கள்.

"ஒர்தோபீடிக்" என்ற சொல்லை மெத்தையில் ஒட்டுவதற்கு மருத்துவர் எவரும் சான்றளிக்கத் தேவையில்லை. 2003இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றில், நாட்பட்ட இடுப்புவலியுள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கெட்டியான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டியான மெத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறைந்தது நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே அதிகம். இந்தப் பெயரில் வருபவற்றில் பல, ஃபோம் கழிவுத் துண்டுகளை அரைத்துப் பசையோடு அழுத்தியவை. அவை பாரமானவை, நீண்ட காலம் உழைப்பவை, ஆனால் மேலே ஓரிரு அங்குலம் மென்மையான அடுக்கு இல்லாமல் வயதானவரின் தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் நோவைத்தான் கொடுக்கும். வலி காலுக்கு இறங்கினாலோ விறைப்பு இருந்தாலோ, மெத்தை தேடுவதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வவுனியா வாசகர்: இறப்பர் விளையும் நாட்டில் லேற்றக்ஸ் மெத்தை ஏன் இவ்வளவு விலை?

1876இல் ஹெனரத்கொடையில் முதல் இறப்பர் கன்றுகள் நடப்பட்ட நாடுதான். ஆனால் இங்கே செய்யப்படும் நல்ல லேற்றக்ஸ் மெத்தைகள் ஏற்றுமதிக்கும் போகின்றன, உள்ளூர் விலையும் அதற்கேற்பவே நிற்கிறது. 1929இல் டன்லொப் நிறுவனத்தில் உருவான முறைப்படி, இறப்பர்ப் பாலை நுரைக்க அடித்து அச்சில் ஊற்றி, கந்தகத்தோடு வேகவைத்து எடுக்கிறார்கள். ஒரு கன மீற்றர் 65 முதல் 80 கிலோ வரை வரும் என்பதால், மேலே சொன்ன 72க்கு 60, ஆறு அங்குல மெத்தை முப்பது கிலோ அளவில் இருக்கும்; தனி ஆளால் புரட்ட முடியாது. காற்றோட்டத்திலும் உழைப்பிலும் நம் வெயிலுக்கு இதுவே சிறந்தது. ஆனால் ஓர் அங்குல லேற்றக்ஸை மேலே ஒட்டிவிட்டு "லேற்றக்ஸ் மெத்தை" என்று விற்பதும் நடக்கிறது. பதின்மூன்று கிலோவில் வந்து இறங்கினால் அது லேற்றக்ஸ் அல்ல.

புதுக்குடியிருப்பு வாசகி: சுருட்டி வந்த மெத்தையை விரித்து ஒரு நாளாகியும் இரண்டு மூலைகள் எழவில்லை, மருந்து மணம் வேறு.

காற்றை உறிஞ்சி அழுத்திச் சுருட்டிய ஃபோம் முழுதாக எழ 24 முதல் 72 மணித்தியாலங்கள் எடுக்கும். யன்னலைத் திறந்து வையுங்கள். மணம் சில நாட்களில் போய்விடும். மூன்று நாட்களுக்குப் பின்னும் மூலை எழாவிட்டால் அது களஞ்சியத்தில் மாதக்கணக்கில் சுருண்டு கிடந்திருக்கக்கூடும். இனிமேல் வாங்குபவர்கள், பொதியை வெட்டுவதிலிருந்து அளவுநாடாவைப் பிடிப்பது வரை காணொளி எடுத்து வையுங்கள். பொலித்தீனையும் எறிய வேண்டாம்.

நெடுங்கேணி வாசகர்: பத்து வருட உத்தரவாதம் என்கிறார்கள்.

மூன்றைக் கேளுங்கள்: எத்தனை அங்குலப் பள்ளத்தைப் பழுது என்று ஏற்பார்கள், கறை பட்டால் உத்தரவாதம் நிற்குமா, திருப்பி அனுப்பும் ஏற்றுக்கூலி யாருடையது. மூன்றாவதுதான் நம் பக்கத்தில் ஆளைக் கவிழ்ப்பது, ஏனெனில் ஒருமுறை விரிந்த மெத்தையைத் திரும்பச் சுருட்ட வீட்டில் வழியில்லை. லொறியில்தான் கொழும்புக்குப் போகவேண்டும். விளம்பரத்தில் சொன்னதும் வந்ததும் வேறாக இருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம், வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டும் விளம்பரப் பக்கத்தின் படமும் கையில் இருக்கட்டும்.

செட்டிகுளத்திலிருந்து: கட்டில் இல்லை, சீமெந்துத் தரையில் போடலாமா? அம்மா மாதம் ஒருமுறை வெயிலில் போடச் சொல்கிறார்.

மாரியில் சீமெந்துத் தரை வேர்க்கும். ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேற்படாத பலகைச் சட்டம் ஒன்றைத் தச்சரிடம் செய்வித்துப் போடுங்கள். அதுவரை காலையில் மெத்தையைச் சுவரில் நிமிர்த்தி வையுங்கள். வெயில் விடயத்தில் அம்மா சொல்வது இலவம்பஞ்சு மெத்தைக்குச் சரி. ஃபோமை வெயில் மஞ்சளாக்கி உதிர வைக்கும். லேற்றக்ஸை அதைவிட விரைவில் கெடுக்கும். உறையைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, மெத்தையை விறாந்தை நிழலில் காற்றாட வையுங்கள்.

விசுவமடு வாசகர்: என்னிடம் 12,000 ரூபாதான் இருக்கிறது.

அப்படியானால் ஒன்லைனில் வரும் ஆறு அங்குல மலிவு ஃபோமை விட்டுவிடுங்கள். ஒரு வருடத்தில் கட்டில் பலகை முதுகில் தட்டும். தும்பு மெத்தை கெட்டியாக இருந்தாலும் காற்றோட்டமானது. இல்லையேல், ஒற்றைக் கட்டிலுக்கு மூன்று அங்குலத்தில் நல்ல அடர்த்தி ஃபோமை ஊரிலுள்ள மெத்தைக் கடையில் வெட்டுவித்து, பழைய சேலையில் உறை தைத்துக்கொள்ளுங்கள். அடர்த்தியைக் கேட்டு, கண்முன்னே நிறுத்து வாங்கலாம் என்பது அதிலுள்ள வசதி.

ஒட்டுசுட்டான் வாசகி: ஐந்து மாதக் குழந்தைக்கும் இதே மெமறி ஃபோம் போதுமா?

வேண்டாம். முகம் புதையக்கூடிய மென்மை கைக்குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து. தொட்டிற்கட்டிலின் சட்டத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் கெட்டியான, தட்டையான மெத்தையில் மல்லாக்கப் படுக்க விடுங்கள், தலையணையும் வேண்டாம். குழந்தை இருக்கும் வீடுகளில் நுளம்புத்திரியைக் கட்டிலுக்கு அடியில் கொளுத்தி வைக்கும் வழக்கம் உண்டு. பொலியூரத்தேன் ஃபோம் பற்றினால் நிமிடங்களில் எரியும், தீ எட்டுவதற்கு முன்பே அதன் புகை ஆளைச் சாய்க்கும். ஆகவே திரியை அறைக்கு வெளியே வைத்து, நுளம்பு வலையைக் கட்டிக்கொள்ளுங்கள்.