வயிறு சரியில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அக்கா, நேற்று ராத்திரியிலிருந்து பேதி. எதைக் குடித்தாலும் மறுபடி போகிறதே என்று தண்ணீரைக்கூட நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: நிறுத்தாதீர்கள். பேதியில் ஆளைச் சாய்ப்பது உடம்பை விட்டுப் போகிற நீரும் உப்பும்தான். கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும், குவித்துப் போடக் கூடாது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால்தான் குடல் இரண்டையும் நன்றாக உறிஞ்சும். அவற்றோடு தண்ணீரும் உள்ளே போகும். சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும், உப்பு கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து. கலக்கியதும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. மீந்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் கிடைத்தால் அதுவே மேல். அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரை அப்படியே ஊற்றுங்கள், பாதிப் பாதியாகக் கலக்க வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. இந்தத் தண்ணீரைக் குடித்ததுமே வாந்தி எடுத்துவிடுகிறாள்.

பதில்: ஒரு பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் டம்ளரைக் கையில் தராமல், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகப் புகட்டுங்கள். கை வலிக்கும், பொறுமையும் போகும். ஆனாலும் இப்படிக் கொடுத்தால்தான் பெரும்பாலும் உள்ளே தங்கும். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, அழுதாலும் கண்ணீர் இல்லை, துவண்டு கிடக்கிறாள், மலத்தில் ரத்தம்: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: வெறும் குமட்டல்தான். இஞ்சி கேட்குமா?

பதில்: கேட்கும். சின்னத் துண்டு இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டு, பத்து நிமிடம் மூடி வைத்து, மெதுவாக உறிஞ்சிக் குடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

கேள்வி: உப்புசத்துக்குப் புதினா டீ குடித்தேன். வயிறு லேசானது, ஆனால் நெஞ்சு எரிகிறது. ஏன்?

பதில்: குடல் தசையின் இறுக்கத்தைப் புதினா தளர்த்தும், அதனால்தான் வயிறு லேசானது. ஆனால் இரைப்பைக்கு மேலே, உணவுக்குழாய் வந்து சேரும் இடத்திலும் ஒரு தசை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதுவும் தளர்ந்தால் அமிலம் மேலே ஏறிவிடும். உங்களுக்குப் புதினா வேண்டாம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

கேள்வி: பேதி நிற்கும்வரை பட்டினி கிடக்கலாமா?

பதில்: தேவையில்லை. பசித்தால் கஞ்சி, குழைந்த சோறு, வாழைப்பழம் சாப்பிடலாம். கைக்குழந்தை என்றால் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

கேள்வி: அப்பாவுக்கு மேல்வயிற்றில் அடைக்கிற மாதிரி இருக்கிறதாம், வியர்த்துக் கொட்டுகிறது. கேஸ்தான் என்கிறார். சோடா உப்பு கரைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மாரடைப்பும் இப்படித்தான் வரும். அவரை நடக்க விடாமல் உட்கார வையுங்கள். கேஸா இல்லையா என்பதை இசிஜி எடுத்துப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.