பொருட்காட்சிக் கடையை 12-ஆம் நாளில் காலி செய்தார்கள்: பணத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: நானும் என் கணவரும் திருவிழா, பொருட்காட்சிகளில் டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி கடை போடுகிறவர்கள். எங்கள் ஊர் நகராட்சித் திடலில் 45 நாள் நடக்கும் பொருட்காட்சியில் இந்த ஆண்டு கணவரின் சித்தப்பா மகன் மூலமாக 1,35,000 ரூபாய் கொடுத்துக் கடை எடுத்தோம். 12-ஆம் நாள் காலையில், நகராட்சியிடம் திடலை ஏலத்தில் எடுத்த குத்தகைதாரரின் ஆட்கள் வந்து, "கடை உங்கள் பெயரில் இல்லை" என்று மின் இணைப்பைத் துண்டித்து, சாமான்களைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார்கள். எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்தார்கள். குத்தகைதாரரின் மருமகன் எல்லார் முன்னாலும் என்னைக் கேவலமாகப் பேசினார். பக்கத்தில் கலர் பஞ்சு மிட்டாய் விற்றவரை ஒன்றும் கேட்கவில்லை. காணொளி ஆதாரம் இருக்கிறது. போலீசில் புகார் கொடுத்து, தெருவோர வியாபாரிகள் சட்டப்படி தடை உத்தரவு வாங்கி, 5 லட்சம் நட்ட ஈடு கேட்கலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி. கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

பதில்: அம்மா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் அந்த மருமகன் என்ன பேசினார், யார் யார் பார்த்தார்கள் என்பது. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கில் அதற்கு வேலை இல்லை. பஞ்சு மிட்டாய்க்காரருக்கும் வேலை இல்லை. ரோடமின்-பி என்ற சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை விதித்தது. அவர் விற்றது அந்த வகை என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பார்த்துக்கொள்வார். அவர் தப்பு செய்தார் என்பதால் உங்கள் கடை திரும்பி வராது.

வேலை இருப்பது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அரை வரிக்கு. "ரசீது கொழுந்தனார் பெயரில்தான் இருக்கிறது, பாவம் அவர் என்ன செய்வார்." மொத்த வழக்கும் அந்த அரை வரியில்தான் இருக்கிறது.

பொருட்காட்சியில் கடை எடுப்பது வாடகைக்குக் கடை பிடிப்பது போல என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இரவு பதினோரு மணிக்குத் திடலின் பெரிய கேட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவது யார்? நீங்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறீர்கள், அவ்வளவுதான். இடம் அவர்கள் வசம், வந்து வியாபாரம் செய்துகொள்ளும் அனுமதி உங்கள் வசம். சட்டத்தில் இதற்குப் பெயர் உரிமம். வக்கீல்கள் ஈஸ்மென்ட் ஆக்ட் என்று சொல்லும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. காகிதத்தில் 'வாடகை' என்று எழுதியிருந்தாலும் உள்ளடக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லிவிட்டது.

இந்த உரிமத்தை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது என்கிறது அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவு. அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: பொதுக் கேளிக்கை நடக்கும் இடத்துக்குள் நுழையும் உரிமத்தை, வேறு நிபந்தனை இல்லாதவரை, கைமாற்றலாம். அதாவது உங்கள் கடைக்கு அப்பளம் தின்ன வந்தவர் கையில் இருந்த நுழைவுச் சீட்டை அவர் தம்பிக்குக் கொடுக்கலாம். கடை போட்டவர் தன் கடையைத் தம்பி மனைவிக்குக்கூடக் கொடுக்க முடியாது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் எந்தப் பொருட்காட்சியை எடுத்தாலும் பாதிக் கடைகள் உள்வாடகையில்தான் ஓடுகின்றன, தகராறு வரும்வரை.

ஆக, குத்தகைதாரர் "இவர் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று பதில் மனு போட்டால், காகிதத்தில் அவர் பக்கம் சரி. ஆனால் உங்கள் மூன்றாம் பக்கத்தில், மருமகன் புராணத்துக்கு நடுவில், ஒரு தகவல் கிடக்கிறது. தினமும் இரவு ஒன்பதரைக்கு ஒரு பையன் வந்து கரண்டுக்கும் கூட்டுவதற்கும் 150 ரூபாய் வாங்கிக்கொண்டு இளஞ்சிவப்புச் சீட்டு கிழித்துக் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று சீட்டுகளின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். எண்ணெய்க் கறை படிந்த அந்தச் சீட்டுகளில் குத்தகைதாரரின் ரப்பர் முத்திரை இருக்கிறது, கடை எண் 38 இருக்கிறது. ஒன்றில் உங்கள் கணவர் பெயர். மற்ற இரண்டில் பால்பாயின்ட் பேனாவில் 'அப்பளம் அக்கா' என்றே எழுதியிருக்கிறான். அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும். 54-ஆம் பிரிவின்படி உரிமம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கொடுத்தவரின் நடத்தையிலிருந்தும் அது பிறக்கும். 11 நாள் உங்களை உங்கள் பெயரால் தெரிந்துகொண்டு பணம் வாங்கியவர், 12-ஆம் நாள் காலையில் "தெரியாது" என்று சொல்வது எளிதில் எடுபடாது. "வசூல் பையனுக்கு அந்த அதிகாரம் இல்லை" என்பார். முத்திரையும் சீட்டுப் புத்தகமும் அவன் கையில் எப்படி வந்தன என்று கேட்டால் போதும்.

மீதி எட்டுச் சீட்டையும் தேடுங்கள். கல்லாப் பெட்டியின் அடியில், மாவு டப்பாவின் மூடியில், எங்கே செருகி வைத்தீர்களோ. என் கணிப்பில் உங்கள் ஐந்து லட்சத்தைவிட அந்த எட்டுச் சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

இனி, நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். உரிமம் இருந்தது என்று நிரூபித்தாலும், அதைக் கொடுத்தவர் நடுவிலேயே ரத்து செய்யலாம். 60-ஆம் பிரிவு அதைத் தடுப்பது, நீங்கள் செலவு செய்து நிரந்தரமாக ஏதாவது கட்டியிருந்தால்தான். நாலு சவுக்குக் கம்பும் தகரமும் அதில் வராது. உங்களுக்குக் கிடைப்பது 64-ஆம் பிரிவு: பணம் கொடுத்து வாங்கிய உரிமத்தை முழுதாக அனுபவிக்கும் முன், தன் தவறு ஏதும் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் நட்ட ஈடு கேட்கலாம். 'தன் தவறு ஏதும் இல்லாமல்' என்பதை இரண்டு முறை படியுங்கள்.

அதைப் படித்துவிட்டு, நீங்கள் அனுப்பிய காணொளியை ஒலி இல்லாமல் பாருங்கள். மருமகனைப் பார்க்க வேண்டாம், அவருக்குப் பின்னால் பாருங்கள். சட்டி கவிழ்வதற்குச் சற்று முன்பு, பலகைக்குக் கீழே இரண்டு சிவப்பு சிலிண்டர்கள் தெரிகின்றன. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டர். கடைக்கு நீல நிற 19 கிலோ சிலிண்டர்தான் வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டு எல்.பி.ஜி. கட்டுப்பாட்டு ஆணையை மீறுவது. அது அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வருகிறது; 7-ஆம் பிரிவில் 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை என்று எழுதியிருக்கிறது. சிலிண்டர் பறிமுதலோடும் அலைச்சலோடும் முடிந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் 'தன் தவறு ஏதும் இல்லாமல்' என்ற வரியை வைத்து வழக்குப் போடப் போகிறவர், தன் தவறைத் தானே படம் பிடித்து நீதிபதியிடம் நீட்டக் கூடாது.

இதுவரை குத்தகைதாரர் தரப்பு சிலிண்டரைப் பற்றிப் பேசவில்லை. ரசீது பெயரைத்தான் பேசியிருக்கிறது. நீங்கள் அந்தக் காணொளியோடு காவல் நிலையத்துக்குப் போன மறுநாளே பேசும். வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு மனு, குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறைக்கு ஒரு மனு, தீ விபத்து அபாயத்தால்தான் கடையை அப்புறப்படுத்தினோம் என்று நகராட்சிக்கு ஒரு விளக்கம். உங்கள் ஆதாரமே அவருக்குப் பாதுகாப்பாகிவிடும். காணொளியை அழிக்கச் சொல்லவில்லை. ஆதாரத்தை அழிக்கச் சொல்கிறவன் வக்கீல் இல்லை. தவிர, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இனி ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். யாராவது அதைச் சமூக ஊடகத்தில் போடக் கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

போலீஸ் புகாரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடுத்த பணம் திரும்பவில்லை என்பதற்கு மோசடிப் புகார் கொடுப்பது நம் ஊரில் முதல் யோசனையாக இருக்கிறது. உரிமையியல் தகராறுக்குக் குற்றவியல் சட்டையை மாட்டாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியாகிவிட்டது. 2006-இல் வந்த இந்தியன் ஆயில் – என்.இ.பி.சி. வழக்கை எதிர்த்தரப்பு வக்கீல் மனப்பாடமாகவே ஒப்பிப்பார். மனு ஏற்புச் சான்று ஒன்றைக் கையில் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை இரு தரப்பையும் நிலையத்துக்கு வரச் சொல்வார்கள். அங்கேதான் கட்சிக்காரர்கள் விழுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் வளையல் கடைக்காரர் ஒருவர் இதே மாதிரி வந்தார். அவருக்கு வர வேண்டியது ஏறத்தாழ 80,000. நிலையத்தில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கடைசியில், வெளியே தூக்கிப் போட்ட வளையல் பெட்டிகளையும் 8,000 ரூபாயையும் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். "எனக்குச் சேர வேண்டியதை முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எவ்விதப் பாத்தியதையும் இல்லை." அவர் அதைப் பெட்டிகளுக்கான ரசீது என்று நினைத்துக் கையெழுத்திட்டார். அதன் பிறகு என்னிடம் வந்தார். அந்தத் தாளைப் படித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வேறு செய்ய ஒன்றும் இல்லை.

உங்கள் அடுப்பும் சட்டியும் பெஞ்சும் இன்னும் திடல் அலுவலகத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாமான்களை எடுத்துச் செல்ல நியாயமான அவகாசம் பெறுவது வசதியுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் உங்களுக்குள்ள உரிமை. போய் எடுத்து வாருங்கள். கையெழுத்துக் கேட்டால், "கீழ்க்கண்ட சாமான்களை மட்டும் பெற்றுக்கொண்டேன்" என்று உங்கள் கையால் எழுதி, பட்டியல் போட்டு, கடைசிச் சாமானுக்குக் கீழே கோடு இழுத்துக் கையெழுத்திடுங்கள். அவர்கள் எழுதி வைத்திருக்கும் தாளில் வேண்டாம். மருமகன் அங்கே இருந்தால் பேசாமல் வந்துவிடுங்கள். கணவரைத் தனியாக அனுப்பாதீர்கள். கைகலப்பு ஆகி எதிர்ப் புகார் ஒன்று விழுந்தால் அப்புறம் பணப் பேச்சே இருக்காது.

தடை உத்தரவை மறந்துவிடுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்வதற்குள் ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றியிருப்பார்கள். 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டமும் உதவாது. 30 நாள் முன்னறிவிப்பு என்று நீங்கள் கேள்விப்பட்டது, நகர விற்பனைக் குழு மூலம் விற்பனைச் சான்று பெற்றுப் பொது இடத்தில் வியாபாரம் செய்பவருக்கு. டிக்கெட் எடுத்து உள்ளே வரும் திடலில், தனியார் குத்தகைதாரரிடம் 45 நாளுக்கு எடுத்த கடைக்கு அதை நீட்டிப் பிடிக்க நான் முயல மாட்டேன். ஆட்சியரையும் பிரதிவாதியாகச் சேர்க்கச் சொல்லி யாரோ யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சேர்த்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவில் அரசுக்கு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

ஐந்து லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்ததோ. வியாபார ஒப்பந்தத்தில் மன உளைச்சலுக்கு நட்ட ஈடு வாங்கிக்கொண்டு போன கட்சிக்காரர் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. கணக்கு இப்படித்தான் வரும்: கொழுந்தனார் பெயரில் உள்ள ரசீது 90,000 ரூபாய்க்கு. 45 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 2,000. நீங்கள் அனுபவிக்காத 34 நாளுக்கு 68,000. குத்தகைதாரரிடம் ஆவணத்தோடு கேட்கக்கூடியது அதுதான். நீங்கள் கொடுத்ததோ 1,35,000. நாளுக்கு 3,000 வீதம் 34 நாளுக்கு 1,02,000. நடுவில் இருக்கும் 45,000-ஐக் குத்தகைதாரரிடம் ரொக்கமாகக் கொடுத்ததாகக் கொழுந்தனார் சொல்கிறார், நீங்களும் நம்புகிறீர்கள். நம்புவது உங்கள் இஷ்டம். நீதிமன்றம் ரசீது கேட்கும்.

சட்டப்படி உங்களுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவர் கொழுந்தனார்தான். தன்னால் கைமாற்ற முடியாத ஒன்றை உங்களுக்கு விற்றவர் அவர். ஒரு லட்சத்தை அவர் கணக்குக்குத்தான் செல்பேசி வழியாக அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு வங்கிப் பதிவு இருக்கிறது. கையில் கொடுத்த 35,000-க்குத்தான் சாட்சி தேட வேண்டும். குத்தகைதாரர் மீது மட்டும் வழக்குப் போட்டால், அவர் வக்கீல் கூண்டில் ஏற்றும் முதல் சாட்சி உங்கள் கொழுந்தனாராக இருப்பார். "உள்வாடகைக்கு விட்டேன், குத்தகைதாரருக்குத் தெரியாது" என்று அவர் ஒரு வரி சொன்னால், இளஞ்சிவப்புச் சீட்டுகளையும் மீறி உங்கள் கதை ஆட்டம் காணும். அவரைப் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் நிற்கப் போகிறார் என்பதை நோட்டீஸ் அனுப்பும் முன்பே கேட்டு, எழுதி வாங்கிவிடுங்கள். எழுதித் தரத் தயங்கினால், அவரையும் இரண்டாம் எதிர்த்தரப்பாகச் சேர்த்துத்தான் நோட்டீஸ் போக வேண்டும். மாமியார் வீட்டில் பொங்கலுக்கு என்ன முகத்தோடு போவது என்று கேட்பீர்கள். அதற்கு என்னிடம் பிரிவு எண் இல்லை.

நான் உங்கள் வக்கீலாக இருந்தால் வழக்கே போட மாட்டேன். சீட்டுகளின் நகல்களை இணைத்து, மருமகன் பெயரே இல்லாமல், ஒன்றரைப் பக்க நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கெடு கொடுப்பேன். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, நகராட்சியிடம் ஏல நிபந்தனைகளின் நகலைக் கேட்பேன். உள்வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தால், மற்ற உள்வாடகைக் கடைகளின் பேச்சு எழுவதைக் குத்தகைதாரரும் விரும்ப மாட்டார். பிறகு வட்ட சட்டப் பணிகள் குழுவில், வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து, குத்தகைதாரரையும் கொழுந்தனாரையும் அழைக்கச் சொல்வேன். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அங்கே சமரசமாகி மக்கள் நீதிமன்றத்தில் தீர்வானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. காவல் நிலையத்துத் தாளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வளையல்காரரிடம் கேட்டால் சொல்வார்.

இரண்டு பேரும் சேர்ந்து 70,000 தர ஒப்புக்கொண்டால் வாங்கிக்கொள்ளுங்கள். குத்தகைதாரர் மட்டும் 50,000 என்று நின்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். 40,000-க்குக் கீழே போனால் எனக்கு எழுதுங்கள், அப்போது வழக்கைப் பேசலாம். மூன்று ஆண்டு காலவரம்பு இருக்கிறது. அதற்குள் அடுத்த ஊர்த் திருவிழாவுக்குக் கடை எடுப்பீர்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும், சிலிண்டர் நீலமாக இருக்கட்டும்.